பிழைத்த மழை

பதினோரு வருடம் பிடித்தது கோசெலோ துறைமுகத்தின் வரலாறு.
அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
மாதாகோயில் பதிவேடுகளை எனக்கு முன்பே
இராமபாணப் பூச்சி வாசித்திருந்தது;
அது விட்டுவைத்ததை நான் வாசித்தேன்.
மத்தித் தொழிற்சாலையின் சம்பளக் கணக்கு
ஒரு மாட்டுக்கொட்டிலில், தீவனச் சாக்குக்கு அடியில் கிடைத்தது.
உப்பு விலை, வலை விலை, சவப்பெட்டி விலை,
எல்லாவற்றுக்கும் அடிக்குறிப்பு உண்டு.
அச்சகத்து ராமிரோ அதற்கென்றே தனியாகக் காசு கேட்டான்.

ஒரே ஒரு வாக்கியத்துக்கு மட்டும் இல்லை.

பக்கம் 347. ஜனவரி 1953.
'நோவா அவுரோரா' ஒன்பது பேரோடு மூழ்கிய காலை.
நீதிமன்றக் கோப்பில் இரண்டே வரி:
படகு மூழ்கியது. விசாரணை முடிந்தது.
இரண்டு வரிக்குள்
ஒன்பது பேரை எப்படி அடக்கம் செய்வது?
இரவு ஒரு மணி. காப்பி ஆறிவிட்டது.
கலீசியாவில் ஜனவரி, மழை இல்லாமலா என்று
எழுதிவிட்டேன்:
"அன்று விடியுமுன்பே மழை தொடங்கியிருந்தது."

நல்ல வாக்கியம். சத்தம்போட்டு வாசித்துப் பார்த்தேன்.

பதிப்பகங்கள் நான்கு திருப்பி அனுப்பின.
ஐந்தாவது, பாதிச் செலவை என் தலையில் கட்டியது.
வெளியீட்டு மாலையில் ஒயினும் எம்பனாடாவும்
நகராட்சி உபயம்.
உப்பு விலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.
அந்த மழையைத்தான் மறுபடி வாசிக்கச் சொன்னார்கள்.
அடுத்த ஆண்டு படகுத்துறையில் கருங்கல் நட்டார்கள்.
ஒன்பது பெயர்கள்.
மேலே என் வாக்கியம்.

பிறகுதான் வந்தது கலங்கரை விளக்கத்தின் நாட்குறிப்பு.
ஃபெரோலில் ஏதோ கிடங்கைக் காலிசெய்தபோது
ஒரு குமாஸ்தாவின் புண்ணியத்தில், தபாலில்.
அதே தேதி. ஊதா மை. சாய்ந்த எழுத்து:
வானம் தெளிவு. காற்று மெல்லியது. கடல் தட்டுப் போல.

தட்டுப் போன்ற கடலில் ஒரு படகு ஏன் மூழ்கும்?
பலகை மக்கியிருந்தால் மூழ்கும்.
மக்கியது தெரிந்தே அனுப்பியிருந்தால் மூழ்கும்.
என் மழையில் ஊரே நனைந்தது.
முதலாளி லோபெய்ராவுக்கு மட்டும்
அதுவே குடை.
படகில் ஒருவரும் பிழைக்கவில்லை.
பிழைத்தது என் பிழை.

திருத்தச் சீட்டு முந்நூறு அடித்தேன்.
கடை கடையாய் ஏறி, நூலகம் நூலகமாய் ஏறி
346க்கும் 347க்கும் நடுவே செருகினேன்.

டெல்மிரோ வந்தார். இப்போது எழுபது, அன்று ஆறு.
கல்லில் மூன்றாவது பெயரின் மகன்.
சீட்டை மேசைமேல் குப்புறப் போட்டார்.
"மழை பெய்தது, சபேலா. என் தொப்பி நனைந்திருந்தது.
அம்மா அடுப்போரம் காயவைத்தாள்."

புத்தகம் வருவதற்கு ஆறு வருடம் முன்னால்
இதே டெல்மிரோவின் எதிரே
ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார்ந்தவள் நான்.
அந்த நாடாவைத் தேடி எடுத்தேன்.
நாற்பது நிமிடம். அப்பாவின் பூட்ஸ், ஒரு நாய்,
அம்மா உரித்துக்கொண்டே இருந்த கஷ்கொட்டை.
மழை இல்லை. தொப்பி இல்லை.
சொல்லாததெல்லாம் நடக்காததா என்று கேட்டால்
என்னிடம் பதில் கிடையாது.
ஆனால் அந்தத் தொப்பியை
நான்தான் நனைத்தேன் என்று நினைக்கிறேன்.

கல்லை மாற்றக் காசில்லை என்கிறது நகராட்சி.
நேற்று போய்ப் பார்த்தேன். சாரல்.
ஈரத்தில் எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

இரண்டாம் பதிப்புக்கு மெய்ப்பு வந்திருக்கிறது.
மழையை அடித்தேன். தெளிந்த வானத்தை வைத்தேன்.
மக்கிய பலகையை வைத்தேன்;
லோபெய்ராவின் பேரன்கள் வக்கீலோடு வருவார்கள், வரட்டும்.
அடிக்குறிப்பு 873:
"முதல் பதிப்பில் பெய்த மழைக்கு ஆதாரம் ஏதுமில்லை.
பெய்வித்தவர் நூலாசிரியர்."

தொப்பிக்கு இன்னும் எண் போடவில்லை.
காலை பத்து மணிக்கு ராமிரோ ஆள் அனுப்புவான்.